மயிலாத்தாள் எடுத்துப் போகாத மாத்திரை

சூலூருக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மயிலாத்தாள் அக்கா வந்ததும் என் லேப் அறைத் தரையில்தான் காலை நீட்டி உட்காருவார். "சேர்ல உக்காந்தா எந்திரிக்க மனசு வராது தம்பி. தரைன்னா குத்துதுன்னு எந்திரிச்சுப் போயிருவேன்" என்பார். சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருக்கும்.

கிராம சுகாதார செவிலியர் என்பது ஆபீஸ் பெயர். ஊருக்குள் நர்சம்மா. பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது, மேலதிகாரி வந்தால் இளநீருக்கு ஏற்பாடு செய்வது என்று எல்லாம் அவர் தலையில். குட்டப்புதூரில் துணை சுகாதார நிலையத்தை ஒட்டியே வீடு. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று ஊரே சொல்லிவிட்ட பிறகு பிறந்த ஒரே மகள் கீதா. பதவி ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தபோது அந்தக் கீதாவை, இரண்டு மைல் தள்ளியிருந்த கரட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தார்.

நான் அப்துல் நாசர், கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரன். தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவேன். எங்கள் சந்தில் ஒருவருக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் வாசலிலேயே நின்று கத்திவிட்டு, அடுத்த அரை மணியில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். இந்தத் தோட்டத்து ஜனம் அப்படியில்லை. வீடு தேடி வந்தவரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதைப் பாவமாக நினைக்கிறவர்கள். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று கேட்டுக்கொண்டு, மோர் கொடுத்து, வாசல் வரை வந்து அனுப்பிவைப்பார்கள். முதலில் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

தொண்ணூற்று நாலில் ஆடி முடிந்த சமயம். கோயமுத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் கிருபாசங்கர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர். அரசாங்க ஊழியர்களிடம் வேலை வாங்க வருகிறவர்கள் வழக்கமாகப் பேசும் தோரணையில் பேசவில்லை. எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

கர்ப்பிணிகளுக்கு ரத்த சோகை அதிகம். அரசாங்கம் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரை குமட்டுகிறது என்று பெண்கள் தூக்கிப் போடுகிறார்கள். அதனால் சர்க்கரைப் பூச்சு உள்ள புது மாத்திரையைக் கொடுத்து, வாரம் ஒருமுறை நர்ஸ் வீட்டுக்கே போய் விசாரித்தால் ரத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஊருக்குப் புது மாத்திரை. அதே மாதிரியான இன்னொரு ஊருக்கு வழக்கமாக அரசாங்கம் கொடுப்பது மட்டும். ஆரம்பத்தில் ஒருமுறை, பிரசவத்துக்கு முன்னால் ஒருமுறை ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். வித்தியாசம் தெரிந்தால் மாவட்டம் முழுவதற்கும் அந்த மாத்திரையை வாங்கித் தரச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்கலாம். ரத்தம் பார்ப்பது என் வேலை. மாத்திரை கொடுப்பது மயிலாத்தாள் அக்கா வேலை.

புது மாத்திரை குட்டப்புதூருக்கு. இல்லாத ஊர் கரட்டுப்பாளையம். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தோட்டம், ஒரே மாதிரி விசைத்தறி, ஒரே ஜனம். ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். ஒரே ஜனம் என்றாலும் கூட்டம், அதாவது குலம், மட்டும் வேறு வேறு; ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். குட்டப்புதூர் ஒரு கூட்டம், கரட்டுப்பாளையம் வேறு கூட்டம். அதனால் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்ப் பெண் அந்த ஊருக்கும், அந்த ஊர்ப் பெண் இந்த ஊருக்கும் வாழ்க்கைப்பட்டு வந்தது. இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாத்திரையோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "ஏனுங்க சார், கரட்டுப்பாளையத்துல என்ற பொண்ணு முழுகாம இருக்குதுங்க. அவளுக்கு?"

டாக்டர், "அந்த ஊருக்கு எப்போதும் கிடைப்பது அவங்களுக்கும் கிடைக்கும் சிஸ்டர். ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருந்தா உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். அவங்க வீட்டுல கடையில வாங்கிக் கொடுத்தா நாம தடுக்க முடியாது. ஆனா இந்த டப்பாவிலிருந்து மட்டும் நீங்க கொடுக்கக் கூடாது. நீங்களே கொடுத்துட்டா அப்புறம் இதுக்கு அர்த்தமே இல்லை" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அக்கா. இந்த ஆராய்ச்சி முழுவதிலும் சொன்னபடி நடந்த சரிங்க அது ஒன்றுதான்.

பச்சை மூடி போட்ட வெள்ளை டப்பாக்கள் அட்டைப் பெட்டியில் வந்தன. துணை நிலையத்தின் கூரை ஒழுகும் என்று பெட்டியை அக்கா தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாரா வாரம் வீடு வீடாகப் போனார். கால்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு, நாய்களைத் திட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு. "இது உங்க மருமகளுக்கு மட்டும். வேற யாருக்கும் குடுக்காதீங்க. கேட்டுச்சுங்களா?" எல்லா வீட்டிலும் "சரிங்க நர்சம்மா." அடுத்த வாரம் டப்பா ஒழுங்காகக் காலியாகியிருக்கும். அக்காவுக்கு அதில் பெருமைகூட. "நம்ம ஊர்ல சொன்னாக் கேப்பாங்க தம்பி" என்று என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் பார்த்து அரசாங்க மாத்திரை வரவில்லை. கேட்டால், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அது மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. கரட்டுப்பாளையத்து நர்ஸ் வேலையும் காலியிடம். ஆக, வழக்கமாகக் கிடைப்பது என்று டாக்டர் சொன்னது ஒன்றுமே இல்லாமல் போனது. டாக்டர் தன் பங்குக்கு மேலே எழுதிப் போட்டார். நாங்களும் எழுதிப் போட்டோம். எழுதிப் போடுவதில் எங்கள் இலாகாவை யாரும் மிஞ்ச முடியாது.

அக்கா மகள் வீட்டுக்குப் போய் சம்பந்தி சின்னத்தாயிடம் சொன்னார். "கவருமெண்டு மாத்திரை வரலைங்க. சூலூர்க் கடையில வாங்கிப் புள்ளைக்குத் தெனமும் ஒண்ணு குடுத்துருங்க. மறந்துராதீங்க." சின்னத்தாயி, "சரிங்க சம்பந்தி, அதுக்கென்னங்க" என்றார். அடுத்த முறை போனபோது மாமியாருக்கு முன்னாலேயே மகளைக் கேட்டார். "மாத்திரை சாப்பிடறயா கண்ணு?" கீதா தலையைக் குனிந்துகொண்டு, "ம்" என்றாள். அதற்கு மேல் அடிக்கடி போய் நிற்கவும் முடியாது. கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தாய்க்காரி ஓயாமல் போனால் ஊர் ஒரு மாதிரி பேசும். போவதற்கு உடம்பிலும் தெம்பில்லை. போலியோ சொட்டு மருந்துக்குக் கணக்கெடுப்பு, காலரா பயம், மேலதிகாரி வருகை என்று அந்த வருடம் முழுக்க அவரைப் பிழிந்து எடுத்துவிட்டது.

என்னிடம் வந்த ரத்தக் குப்பிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எது கீதாவின் ரத்தம் என்று எனக்குத் தெரியாது. முதல் சோதனையில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலேயே அவள் இருந்திருக்கிறாள். பாஸ் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி அதோடு விட்டுவிட்டார்கள்.

தை மாதம் கட்டுச்சோறு வந்தது. ஒன்பதாம் மாதத்தில் பெண்ணின் தாய் வீட்டார் வகை வகையாகச் சாதம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், விருந்து முடித்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிற வழக்கம் அது. அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். பந்தியில் எலுமிச்சம்பழச் சாதமும் தக்காளிச் சாதமும் தயிர்ச் சாதமும் பிரமாதம். நான் இலையில் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது, வளையல் போட மணையில் உட்கார்ந்திருந்த கீதாவைப் பார்த்தேன். முகத்தில் மஞ்சளை அப்படிப் பூசியிருந்தும் வெளுப்பு மறையவில்லை. அக்கா வளையல் போடக் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. மகளின் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சபையில் அத்தனை பேர் முன்னாலும் அவள் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

பார்த்து என்ன செய்வது, நாள் கடந்துவிட்டிருந்தது. அடுத்த வாரமே, தேதிக்கு முன்னால், இரண்டாவது முறை ரத்தம் எடுப்பதற்குள், ஒரு மத்தியானம் வலி எடுத்தது. எங்கள் நிலையத்தில் குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. நல்ல வேளையாக டாக்டர் கிருபாசங்கரின் ஜீப் அன்று அங்கேயே நின்றது. அதில்தான் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அக்கா மகளின் வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி வந்தார். எத்தனையோ பேருக்குச் செய்த கை அது. எனக்கும் கீதாவுக்கும் ஒரே ரத்த வகை. நானும் கொடுத்தேன், எங்கள் சந்துக்காரர் கலீல் ரஹ்மானும் வந்து கொடுத்தார். கீதா பிழைத்தாள். எடை குறைந்த பெண் குழந்தை, அதுவும் தப்பியது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும் என்று பயமுறுத்திவிட்டு, கடைசியில் எடுக்காமல் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீடு பக்கம். என் மனைவி பக்ருன்னிசா தினமும் கஞ்சி வைத்துக் கொடுப்பாள், நான் கொண்டுபோவேன். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் நான் போனபோது, அக்கா மகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூடவே புலம்பல். "கடையில வாங்கித் தின்னுன்னு சொன்னனே கண்ணு. ஏன் இப்படிப் பண்ணிப் போட்டே?"

கீதா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "யாரும் வாங்கலைம்மா" என்றாள். "எங்கூர்ல யாருமே வாங்கலை. எல்லாருக்கும் அவங்கம்மா ஊட்டுலருந்து வந்துருச்சு."

"என்ன வந்துச்சு?"

"பச்சை மூடி டப்பாதான். ஞாயித்துக்கிழமையானா ஒவ்வொருத்தியோட அம்மாவும் முறுக்கு, கச்சாயத்தோட அதையும் கட்டிக் கொண்டாருவாங்க. டப்பாவெல்லாம் உன்ற பொட்டியிலிருந்துதான் வருதுன்னு ஊருக்கே தெரியும். நீயும் கொண்டாருவீன்னு இருந்தேம்மா. வாரா வாரம் பாத்துட்டே இருந்தேன்."

அக்கா பிரித்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. கஞ்சித் தூக்கை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றே பாப்பாயி பார்க்க வந்தாள். குட்டப்புதூர்க்காரி. அவள் மருமகள் ஆராய்ச்சியில் இருந்தாள், மகள் கரட்டுப்பாளையத்தில் இருந்தாள். வராந்தாவில் வைத்து அக்கா கேட்டார். பாப்பாயி எதையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

"மருமவளுக்கு ஒரு நாள், மவளுக்கு ஒரு நாள்னு பிரிச்சுக் குடுத்தனுங்க. ரெண்டும் புள்ளைத்தாச்சியுங்க. ஒருத்திக்குக் குடுத்துட்டு ஒருத்திய உட முடியுங்களா? எல்லாரும் அப்படித்தானுங்க பண்ணுனோம்."

"வேற யாருக்கும் குடுக்காதீங்கன்னு வாரா வாரம் வந்து சொன்னனே. சரிங்கன்னு சொன்னயே பாப்பாயி?"

"நீங்க இந்தக் காலை வெச்சுட்டு ஊடு தேடி வந்து சொல்றீங்க. மாட்டேன்னா சொல்ல முடியுங்க?" என்றாள் பாப்பாயி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களும் கீதாவுக்குக் குடுத்துட்டுத்தான் இருப்பீங்கன்னு நெனச்சோமுங்க. நர்சம்மா சட்டத்துக்குச் சொல்றாங்க, நாம சட்டத்துக்குக் கேட்டுக்குவோம்னு இருந்தோம்" என்றாள்.

சின்னத்தாயிடம் கேட்டபோது அவர் அழுதேவிட்டார். "மொதப் பிரசவம் தாய் ஊட்டுச் செலவுதானுங்களே சம்பந்தி. நர்சம்மா ஊட்டுப் பொண்ணுக்கு நாங்க கடையில மாத்திரை வாங்கினா, உங்களுக்கு வக்கில்லைன்னு ஊர் பேசாதுங்களா? உங்களுக்குக் கொறச்சல் வரக் கூடாதுன்னுதானுங்க வாங்காம இருந்தேன்." மரியாதைக்காகத்தான். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக வந்தது. கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவராவது இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

கோடையில் ஆராய்ச்சி முடிந்தது. ஒரு ஊரில் பாதி, இன்னொரு ஊரில் பாதி என்று போன மாத்திரை என்ன வித்தியாசத்தைக் காட்டும்? இரண்டு ஊர் ரத்தமும் ஒரே அளவு. அக்கா நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் ஒரு வருட உழைப்பு.

"அப்போ கரட்டுப்பாளையத்துல மாத்திரை கிடைக்காதவங்க..." என்று ஆரம்பித்தார்.

"என்ற பொண்ணு ஒருத்திதானுங்க சார்" என்றார் அக்கா. "அவளுக்கு மட்டும் வித்தியாசம் தெரிஞ்சுதுங்களே. அதை எழுத முடியாதுங்களா?"

"ஒருத்தரை வெச்சு ஒண்ணும் எழுத முடியாதுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். கொங்குப் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க" என்றார். "அட உடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அக்காதான் அவரைத் தேற்றினார். பிறகு ஜீப் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் மிச்சமிருந்த டப்பாக்களையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அக்கா அவற்றை அட்டைப் பெட்டியில் கயிறு போட்டுக் கட்டி என் லேப்பில் கொண்டுவந்து வைத்தார். ஒரு டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே சொல்லவில்லை.

கீதா குழந்தையோடு கரட்டுப்பாளையம் திரும்பிப் போனாள். அக்கா முன்போலவே ஊர் சுற்றினார், அதட்டினார், ஊசி போட்டார். யாராவது சரிங்க என்றால் மட்டும் உடனே கிளம்ப மாட்டார், அங்கேயே நின்று அவர்கள் முகத்தைப் பார்ப்பார். தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், சால்வை போர்த்தினோம், ஸ்வீட், காரம், காபி.

அடுத்த வருடம் பங்குனியில், வேலைக்கு வரும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். குட்டப்புதூரில் ஏறினார். மறுநாளும் ஏறினார். அதற்கடுத்த நாள் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. ஒரு துணிப்பை, அதற்குள் சூலூர் மருந்துக் கடைக் காகித உறை.

"தெனமும் எங்கீங்க அக்கா கிளம்பறீங்க? ரிட்டையர் ஆனதை மறந்துட்டீங்களா?"

"கீதா மறுபடி முழுகாம இருக்குது தம்பி" என்றார். "மாத்திரை குடுக்கப் போறேன்."

"மொத்தமா வாங்கிக் குடுத்துரலாமுங்களே. இந்தக் காலோட தெனமும் அலையோணுங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "குடுத்தா, சரிங்கம்மான்னு வாங்கிக்குவா. அதை நம்பி வர முடியுமா? நானே தண்ணி மோந்து குடுத்து, முழுங்கச் சொல்லி, வாயைத் தொறந்து காட்டுன்னு பாத்துட்டுத்தான் வாரேன்."

"கீதா என்னங்க சொல்றா?"

"அவ என்ற கூடப் பேசறதில்லை தம்பி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில பேசுனதுதான். வாயை மட்டும் தொறந்து காட்டுவா."

கரட்டுப்பாளையம் பிரிவில் பஸ் நின்றது. அக்கா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து மெதுவாக எழுந்தார். கண்டக்டர் சீக்கிரம் இறங்கச் சொல்லி விசில் ஊதினார். நான் கண்டக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.